மாகறலுக்கு ஒரு நாள் நடை: சேக்கிழார் சொன்ன வழியும் ஒரு பலாப்பழமும்

மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதில் சேக்கிழாரைக் கொஞ்சம் கிண்டல் செய்திருந்தேன். இந்தக் கட்டுரை அதற்கான திருத்தம். திருத்தத்தை ஒரே வரியில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரிக்காக ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறேன், இடது கால் சுண்டுவிரலில் கொப்புளம் வேறு. அதனால் முழுக்கதையும் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். திருஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டில் தொண்டை நாட்டுக்கு வந்தபோது எந்தெந்த ஊர் வழியாகப் போனார் என்று பெரியபுராணம் வரிசையாகச் சொல்கிறது. திருவண்ணாமலையிலிருந்து திருவோத்தூர், அங்கிருந்து மாகறல், பிறகு குரங்கணில்முட்டம், அதன்பின் காஞ்சிபுரம். திருவோத்தூர் என்பது இன்றைய செய்யாறு டவுன். மாகறல் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. குரங்கணில்முட்டம் பாலாற்றுக்குத் தெற்கே, தூசி பக்கத்தில்.

இந்த நான்கு ஊரையும் மேப்பில் புள்ளி வைத்துப் பாருங்கள். செய்யாறு டவுனிலிருந்து காஞ்சிபுரம் வடகிழக்கே, நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். சம்பந்தர் அந்தக் கோட்டில் போகவில்லை. கிழக்கே மாகறல் வரை போய், பிறகு வடமேற்கே திரும்பிக் குரங்கணில்முட்டம் வந்து, அதன்பின் வடக்கே காஞ்சிக்குப் போகிறார். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம். நான் பிழைப்புக்கு எழுதுவது டெலிவரி வண்டிகளுக்கு வழி கணக்கிடும் மென்பொருள். "இப்படி ஒரு ரூட்டை என் புரோகிராம் கொடுத்தால் அதை பக் என்று பதிவு செய்வேன், சேக்கிழார் ஊர்ப் பெயர்களை மாற்றி அடுக்கிவிட்டார் போல" என்று எழுதியிருந்தேன்.

அதைப் படித்துவிட்டு அப்பா கேட்டது ஒரே கேள்வி. "நடந்து பாத்தியாடா?"

நான் பார்க்கவில்லை. போன தை மாதம் ஒரு சனிக்கிழமைதான் பார்த்தேன்.

மூன்று விதமான சாட்சி

கிளம்புவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் கையில் இருக்கிற சாட்சிகள் ஒரே தரத்தில் இல்லை.

முதலாவது, பதிகங்கள். மாகறலுக்கும் சரி, குரங்கணில்முட்டத்துக்கும் சரி, சம்பந்தர் பாடிய பதிகம் தேவாரத்தில் இருக்கிறது. மாகறல் பதிகம் மூன்றாம் திருமுறையில், குரங்கணில்முட்டம் முதல் திருமுறையில். அந்த ஊர்கள் 7-ஆம் நூற்றாண்டில் இருந்தன, பாடும் அளவுக்குப் பெயர் பெற்றிருந்தன என்பதற்கு இது நேரடிச் சாட்சி. ஆனால் எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்று பதிகம் சொல்லாது. தேவாரத்தில் பதிகங்கள் பயண வரிசையில் அடுக்கப்படவில்லை, பண் வரிசையில் அடுக்கப்பட்டவை.

இரண்டாவது, பெரியபுராணம். வரிசையைச் சொல்வது இதுதான். ஆனால் சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், 12-ஆம் நூற்றாண்டு. சம்பந்தருக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 500 வருடம். நமக்கும் விஜயநகரப் பேரரசுக்கும் இருக்கிற இடைவெளி அது.

மூன்றாவது, நிலம். ஆறு, மேடு, ஏரி, ஊர்கள். சம்பந்தர் இப்படித்தான் போனார் என்று நிலம் நிரூபிக்காது. ஆனால் ஒரு வரிசை நடக்கிறவனுக்கு ஒத்துவருமா, வராதா என்று சொல்லும். நான் சோதிக்கப் போனது இந்த மூன்றாவதை மட்டும்தான்.

முழு வழியையும் ஒரே நாளில் நடக்க எனக்குத் தெம்பு இல்லை. காஞ்சிபுரம், குரங்கணில்முட்டம், மாகறல் என்ற பகுதியை மட்டும், அதையும் தலைகீழாக நடக்க முடிவு செய்தேன். தலைகீழ் ஏன் என்றால், கோயில் மதியம் சாத்தியிருக்கும். சாயங்காலம் நடை திறக்கும் நேரத்துக்கு மாகறல் போய்ச் சேர்ந்தால், சாமி பார்த்துவிட்டு காஞ்சிபுரத்துக்கு பஸ் பிடித்துவிடலாம்.

காஞ்சியிலிருந்து பாலாறு வரை

காலை ஐந்தரைக்கு பிள்ளையார்பாளையத்தில் ஆரம்பித்தேன். நெசவாளர் தெருக்கள் அதிகம் உள்ள பகுதி. அந்த நேரத்திலேயே ஒன்றிரண்டு வீட்டில் தறிச் சத்தம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆயா என் முதுகுப் பையையும் கையிலிருந்த குச்சியையும் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்குப்பா மாலை போட்டிருக்கே?" என்று கேட்டார். மாலை போடவில்லை, மாகறல் வரை சும்மா நடக்கிறேன் என்றேன். "மாகறலுக்கா? பஸ்ஸு இருக்குதே!" நாள் முழுக்க இந்த வாக்கியத்தைப் பல பேர் சொன்னார்கள். யாரும் தப்பாகச் சொல்லவில்லை.

தெற்கே செவிலிமேடு. இந்தப் பக்கம்தான் ராமானுஜரோடு தொடர்புடைய சாலைக் கிணறு இருக்கிறது. காட்டில் தவித்து நின்ற இளம் ராமானுஜரை வேடர் தம்பதியாக வந்த பெருமாளும் தாயாரும் காஞ்சி வரை அழைத்து வந்தார்கள், தண்ணீர் கேட்டார்கள், அவர் கிணற்றில் இறங்கி எடுத்து வருவதற்குள் மறைந்துவிட்டார்கள் என்பது கதை. அதன் பிறகு அவர் தினமும் அந்தக் கிணற்றிலிருந்து வரதராஜப் பெருமாளுக்குத் தண்ணீர் சுமந்தார் என்பார்கள். இந்தக் கதையை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் திரும்ப நினைவுக்கு வந்தது. அங்கே சொல்கிறேன்.

செவிலிமேடு தாண்டினால் பாலாறு. பாலத்தின் மேல் நடக்கும்போதுதான் அதன் அகலம் உறைக்கிறது. காரில் போனால் ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடும். நடந்தால் தீரவே மாட்டேன் என்கிறது. தண்ணீர் ஒரு ஓரமாகக் கொஞ்சம், மற்றதெல்லாம் மணலும் கருவேலமும். 2021 நவம்பரில் இதே ஆறு கரை புரண்டு ஓடியது, தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பாலம் இல்லாத காலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஆற்றைக் கடக்க நினைத்தவர் நாட்கணக்கில் கரையில் காத்திருந்திருப்பார். என் புரோகிராமில் ஆறு என்பது பாலம் இருக்கிற இடத்தில் கடக்கிற ஒரு கோடு, அவ்வளவுதான். வருடத்தில் எந்த மாதம் என்ற கேள்வியே அதில் கிடையாது.

குரங்கு, அணில், காக்கை

பாலாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் திருவண்ணாமலை மாவட்டம் வந்துவிடுகிறது. தூசியில் டீ, இரண்டு போண்டா. அங்கிருந்து பிரிகிற ரோட்டில் குரங்கணில்முட்டம்.

பெயரைப் பிரித்துப் பாருங்கள். குரங்கு, அணில், முட்டம். முட்டம் என்றால் காக்கை. வாலி குரங்காகவும், இந்திரன் அணிலாகவும், எமன் காக்கையாகவும் வழிபட்ட இடம் என்பது தலபுராணம். கோயிலில் சுவாமிக்கு வாலீசுவரர் என்று பெயர்.

எனக்கு முக்கியமாக இருந்தது ஊரிலேயே உள்ள பல்லவர் குடைவரை. தரையிலிருந்து அதிகம் எழும்பாத பாறையைக் குடைந்து செய்தது, தூண்களும் துவாரபாலகர்களுமாக. கல்மண்டகம் என்பார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலப் பாணி என்பது பொதுவான கருத்து, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. பிற்காலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பெயரிலும் சோழர் பெயரிலும் இங்கே கல்வெட்டுகள் வெட்டப்பட்டிருக்கின்றன.

இங்கிருந்து பக்கத்தில்தான் மாமண்டூர். மாமண்டூர் என்றதும் பலருக்கு ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் நிற்கிற இடம் ஞாபகம் வரும். அது வேறு, செங்கல்பட்டுக்குத் தெற்கே இருப்பது. இந்த மாமண்டூரில் மகேந்திரவர்மன் காலக் குடைவரைகளும், அவனுடைய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகத்தைப் பற்றிப் பேசும் சமஸ்கிருதக் கல்வெட்டும், இன்னும் பழைய தமிழ் பிராமிக் கல்வெட்டும், ஒரு பெரிய ஏரியும் இருக்கின்றன. அங்கே போனால் மாகறலுக்கு நேரத்தில் போக முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

ஆக, காஞ்சியிலிருந்து தெற்கே ஆற்றைத் தாண்டி, அரை நாள் நடைக்குள், சம்பந்தர் வருவதற்குச் சற்று முன்பே பல்லவ அரசன் கல்லுளிக்காரர்களை அனுப்பிக் குடைவரை வெட்டியிருக்கிறான். ஆளும் உளியும் சோறும் போய் வர ஒரு வழி இருந்திருக்க வேண்டும். குரங்கணில்முட்டம் முதல் காஞ்சி வரை 7-ஆம் நூற்றாண்டுக்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. சந்தேகம் எல்லாம் மாகறல் பக்கம்தான்.

வழி தவறிய இடம்

குரங்கணில்முட்டத்திலிருந்து தென்கிழக்கே போக வேண்டும். போனில் இருந்த மேப் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டியது. அதை நம்பி முக்கால் மணி நேரம் நடந்தேன். கோடு ஒரு ஏரிக்கரையில் ஏறி, கரையிலிருந்து இறங்கி, நடவு நட்ட வயலுக்குள் போய்விட்டது. மேப்பில் அதற்கு அப்புறமும் கோடு போகிறது. நிலத்தில் வரப்புகூட இல்லை.

ஏரிக்கரைக்குத் திரும்பினேன். பனைமரத்து நிழலில் டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியின் முன்னால் வெள்ளைத் துணியில் சுற்றிய நீளமான ஒரு சுருட்டு.

"ணா, மாகறலுக்கு இப்படிப் போகலாமா?"

"போலாம். ஆனா இந்தப் பக்கம் வழி இல்ல தம்பி. அந்த வழியெல்லாம் நெலத்துல சேர்ந்துபோயி எவ்ளோ வருஷம் ஆவுது. கரை மேலயே போங்க, மதகு வரும், அங்க தார் ரோடு ஏறிக்குங்க."

சுருட்டு என்ன என்று கேட்டேன். பாவு. பட்டுச் சேலைக்கான பாவு நூல். ஒரு பாவில் மூன்று சேலை வரும் என்றார். காஞ்சிபுரத்தில் முதலாளியிடம் பாவும் ஊடையும் ஜரிகையும் வாங்கி வந்து வீட்டில் கூலிக்கு நெய்கிறார். சேலை அறுத்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கி வர வேண்டும்.

"இப்ப வண்டி. எங்கப்பாரு காலத்துல நடைதான். தோள்ல பாவு, ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்பினா விடியறப்ப பாலாறு. ஆத்துல தண்ணி வந்துட்டா தலைமேல வச்சிக்கினு போவாராம். நனைஞ்சா அவரு கணக்குலதான் எழுதுவாங்க."

எந்த வழியாகப் போவார் என்று கேட்டேன். கையை நீட்டி ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னார். நேர்கோடு இல்லை. ஏரிக்கரை, மதகு, பிள்ளையார் கோயில், சத்திரம் இருந்த இடம், கிணறு. ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீரோ நிழலோ இருந்தது.

காலையிலிருந்து நான் கிலோமீட்டர் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன வழியில் கிலோமீட்டரே வரவில்லை. அங்கேதான் என் பழைய குறிப்பு தப்பு என்று புரிய ஆரம்பித்தது.

சேக்கிழார் சுற்றவில்லை

ஏரிக்கரையில் உட்கார்ந்து புளிசாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே மறுபடி கணக்குப் போட்டேன்.

திருவோத்தூர் கோயில் செய்யாற்றங்கரையில் இருக்கிறது. மாகறலும் அதே ஆற்றங்கரை. சவ்வாது மலையில் பிறந்து வருகிற ஆறு, திருவோத்தூரைத் தாண்டிக் கிழக்கே ஓடி, மாகறலைத் தொட்டு, கடைசியில் திருமுக்கூடல் பக்கம் பாலாற்றில் சேர்கிறது. திருவோத்தூரிலிருந்து மாகறலுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். ஆற்றைப் பிடித்துக்கொண்டு நீர் ஓடும் திசையில் போனால் போதும். மாகறலில் ஆற்றை விட்டு விலகி, ஏரிகள் நிறைந்த நடுப்பகுதியைக் கடந்தால் குரங்கணில்முட்டம். அங்கே பாலாறு. அதைத் தாண்டினால் காஞ்சி. மொத்த வழியிலும் பெரிய ஆற்றின் துணை இல்லாத துண்டு மாகறலுக்கும் குரங்கணில்முட்டத்துக்கும் இடையே மட்டும்தான். நான் வழி தவறியதும் அதே துண்டில்தான்.

இன்னொன்று. மாகறலையும் குரங்கணில்முட்டத்தையும் இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டு வரிசையை மாற்றிப் பார்த்தேன். முதலில் குரங்கணில்முட்டம், பிறகு மாகறல், பிறகு காஞ்சி. தூரத்தில் பெரிய வித்தியாசமே வரவில்லை. சேக்கிழார் வரிசைதான் சற்றுக் குறைவு. அதாவது, மூன்று வருடத்துக்கு முன் இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தாலே நான் அந்தக் கிண்டலை எழுதியிருக்க மாட்டேன். நான் இடையில் உள்ள ஊர்களை விட்டுவிட்டு, தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கோடு போட்டு ஒப்பிட்டிருக்கிறேன். ஜூனியர் பையன் செய்தால் ரிவ்யூவில் பிடித்திருப்பேன்.

சம்பந்தர் தனியாகப் போனவரும் இல்லை. பெரியபுராணத்தின்படி அவர் போனது முத்துச் சிவிகையில், பின்னால் அடியார் கூட்டம். அத்தனை பேருக்கும் தினம் குளிக்க, குடிக்க, சமைக்கத் தண்ணீர் வேண்டும். சோறு போட ஊர்கள் வேண்டும். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஆற்றங்கரைதான் ரோடு. மாகறல் பதிகத்தில் வயல்வேலை செய்கிற பெண்களின் பாட்டொலி வருகிறது. நல்ல விளைச்சல் உள்ள மருத நிலம் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இதனால் சம்பந்தர் இப்படித்தான் போனார் என்று ஆகிவிடுமா? ஆகாது. சேக்கிழார் குன்றத்தூர்க்காரர், தொண்டை நாட்டு ஆள், அரசில் பெரிய பதவியில் இருந்தவர். இந்தப் பகுதியின் வழிகள் அவருக்குத் தெரிந்திருக்கும். தன் காலத்தில் ஜனங்கள் நடந்த வழியிலேயே சம்பந்தரையும் அழைத்துப் போயிருக்கலாம். அப்படியானாலும் நமக்கு நஷ்டம் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் செய்யாற்றுக்கும் பாலாற்றுக்கும் இடையே மனிதர்கள் எப்படி நடந்தார்கள் என்பதற்கு அது ஒரு குறிப்பு. ஊர்ப் பெயர்களை அவர் மாற்றி அடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி. என் கிண்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒரு பலாப்பழத்தின் கணக்கு

மாகறல் போய்ச் சேரும்போது மணி நாலரை. கடிகாரம் 26 கிலோமீட்டர் காட்டியது, வழி தவறியதையும் சேர்த்து. கோயில் அமைதியாக இருந்தது. கருவறை விமானம் கஜபிருஷ்டம், படுத்திருக்கும் யானையின் பின்புறம் போல வளைந்தது. தொண்டை நாட்டுக் கோயில்களில் அடிக்கடி பார்க்கிற அமைப்பு. லிங்கம் உடும்பின் வால் போல மெலிந்திருக்கிறது. எலும்பு சம்பந்தமான நோய்க்கு இங்கே வேண்டிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் முழங்கால் இருந்த நிலைக்குப் பொருத்தமான கோயில்.

உடும்பு வந்த கதைதான் என்னை வெகுநேரம் பிராகாரத்தில் உட்கார வைத்தது. தலபுராணம் சொல்வது இது. மாகறலில் பிரம்மன் வைத்த ஒரு பலாமரம் இருந்தது. தினமும் ஒரு பழம் தரும். அந்தப் பழத்தைத் தினமும் தில்லைக்குக் கொண்டுபோய் நடராசருக்குப் படைத்து, பிறகு மன்னனுக்குக் கொடுக்க வேண்டும். மன்னன் இராசேந்திர சோழன் என்கிறார்கள். பழத்தைச் சுமப்பது ஊர்க்காரர்களின் முறை வேலை, வீட்டுக்கு ஒருவராக, நடந்தே. ஒரு நாள் ஒரு சிறுவனின் முறை வந்தது. அவன் பழத்தைத் தூக்கவில்லை. மரத்தையே கொளுத்திவிட்டான்.

மன்னன் அவனை நாடு கடத்தச் சொல்லி, தானும் உடன் போனான். திரும்பி வரும் வழியில் விடிந்த ஊர் விடிமாகறல் ஆயிற்று. அப்போது வழியில் பொன்னிற உடும்பு ஒன்று கண்ணில் பட்டது, துரத்தினால் புற்றுக்குள் புகுந்தது, புற்றை வெட்டினால் ரத்தம் வந்தது, பிறகு சிவன் வெளிப்பட்டான் என்று கதை போகிறது.

பக்தர்கள் உடும்பில் நிற்பார்கள். எனக்கு மனம் பலாப்பழத்திலேயே நின்றுவிட்டது. மாகறலிலிருந்து சிதம்பரம் நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 145 கிலோமீட்டர். சுமையோடு ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் நடந்தாலும், வழி வளைவுகளைச் சேர்த்தால் ஆறு நாள் ஆகும். எங்கள் தொழிலில் லிட்டில் விதி என்று ஒன்று உண்டு. வரிசையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை, வருகிற வேகத்தையும் ஒவ்வொருவரும் உள்ளே இருக்கிற காலத்தையும் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம். தினம் ஒரு பழம், போக ஆறு நாள். அப்படியானால் எந்த நாளில் பார்த்தாலும் ஆறு பேர் பழத்தோடு வழியில் இருப்பார்கள். திரும்பி வருகிறவர்கள் இன்னும் ஆறு பேர். நடவு, அறுப்பு, மழை, எதுவானாலும் சரி, ஒரு சின்ன ஊரின் 12 பேர் எப்போதும் ரோட்டில்.

இது புராணம், வரலாறு இல்லை என்பது எனக்கும் தெரியும். பலாமரம் தினமும் காய்க்காது, ஆறு நாள் வெயிலில் பழமும் தாங்காது. ஆனால் கதையைச் சொன்னவர்களுக்குச் சுமையின் கனம் தெரிந்திருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற கடமைச் சொற்களில் ஒன்று வெட்டி. கூலியில்லாத கட்டாய வேலை. இன்னொன்று எச்சோறு, வருகிற அதிகாரிகளுக்கும் ஆட்களுக்கும் ஊர் போட வேண்டிய சோறு. இன்றும் 'வெட்டி வேலை' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் முதுகு வலித்திருக்கிறது. மாகறலுக்குத் தெற்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்த ஊர். அந்தச் சபையைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அதே வட்டாரத்தில், சுமக்க மாட்டேன் என்று மரத்தைக் கொளுத்திய ஒரு சிறுவனின் கதையையும் ஜனங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், அதுவும் கோயிலின் தலபுராணத்துக்குள்ளேயே. அவனுக்குப் பெயர்கூட இல்லை.

காலையில் விட்டுவந்த சாலைக் கிணறு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ராமானுஜர் சுமந்த தண்ணீர் விரும்பிச் சுமந்தது. பெரியபுராணத்தில் அப்பர் திருப்பூந்துருத்தியில் சம்பந்தரின் சிவிகையைத் தாங்குவோரில் ஒருவராக, யாருக்கும் தெரியாமல், தோள் கொடுக்கிறார். அதுவும் விரும்பிக் கொடுத்ததுதான். அந்தச் சுமைகளுக்குப் பெயர் இருக்கிறது. அப்பரோடு சேர்ந்து அதே சிவிகையைத் தூக்கிய மற்றவர்கள் யார்? சம்பந்தர் எந்த வழியில் போனார் என்று தேடி வந்த நான், அந்த வழியில் உண்மையில் கால் பதித்தவர்கள் சிவிகைக்குக் கீழே இருந்தவர்கள் என்பதை மாகறல் பிராகாரத்தில்தான் யோசித்தேன்.

அடையாளம் வைப்பது

உலகில் பழைய நடைவழிகளை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் ஷிகொக்கு தீவைச் சுற்றி 88 கோயில்கள், சுமார் 1,200 கிலோமீட்டர். ஸ்பெயினில் சாந்தியாகோ வழி. 1980-களில் எலியாஸ் வலின்யா என்ற பாதிரியார் மஞ்சள் பெயிண்டை எடுத்துக்கொண்டு போய் வழி நெடுக அம்புக்குறி போட ஆரம்பித்தார், இன்று லட்சக்கணக்கானவர்கள் அந்த அம்பைப் பார்த்து நடக்கிறார்கள். நம்மிடம் 276 பாடல் பெற்ற தலங்கள் இருக்கின்றன. தலங்கள் பத்திரமாக இருக்கின்றன. இடையில் இருந்த வழிகள் வயலில் சேர்ந்துவிட்டன.

அடையாளம் வைப்பது நமக்குத் தெரியாத வேலையும் இல்லை. தர்மபுரிப் பக்கம் கிடைத்த, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் கல் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று சொல்கிறது. எழுத்தாலும் எண்ணாலும் சொல்லிவிட்டு, படிக்கத் தெரியாதவருக்காக இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் வெட்டியிருக்கிறார்கள். கல் நட்டவர், சுமை தூக்கி நடக்கிறவரையும் நினைத்துக்கொண்டுதான் நட்டிருக்கிறார்.

என்னால் கல் நட முடியாது. நான் நடந்த வழியின் ஜிபிஎஸ் தடத்தைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். வயலுக்குள் போன தப்பான துண்டை நீக்கிவிட்டு, ஏரிக்கரை, மதகு, தார் ரோடு என்று அந்த நெசவாளர் சொன்ன வழியைச் சேர்த்திருக்கிறேன். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே நிழல் என்பதும் அதில் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். தை, மாசியில் போங்கள். பாலாற்றுப் பாலத்தை வெயிலுக்கு முன் தாண்டிவிடுங்கள்.

மாகறலிலிருந்து திரும்ப பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. நாள் முழுக்க நடந்த தூரத்தை பஸ் கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அப்பா, "என்னடா, சேக்கிழார் பாஸா?" என்றார். பாஸ் என்றேன். அடுத்தது திருவோத்தூரிலிருந்து மாகறல் வரை, ஆற்றோடு. அதற்கு இரண்டு நாள் வேண்டும். கொப்புளம் ஆறட்டும்.